முடி கொட்டுறதுக்கு பரு லோஷன்: 14 வாரம் பாதித் தலையில தடவிப் பாத்த ஒரு கேஸ்

திருப்பூர்ல மெடிக்கல் வச்சிருக்கேன், பார்மசிஸ்ட், 11 வருஷமாச்சு. வாரத்துக்கு ரெண்டு பேராவது "முடிக்கு ஏதாச்சும் இருக்குங்களா"ன்னு வந்து நிப்பாங்க. அவங்கள்ல யாரும் இல்ல இந்த கேஸ், என் சித்தி பையன். பேர் மட்டும் போடாதீங்கண்ணா, மத்ததெல்லாம் எழுதிக்கங்கன்னு சொல்லிட்டான். அதனால இதுல தம்பின்னே எழுதறேன். நான் செஞ்ச தப்பும் இதுல உண்டு, அதையும் மறைக்காம எழுதறேன்.

பின்னணி

தம்பிக்கு வயசு 29, பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர் வேலை. 24 வயசுல இருந்தே முன் நெத்தி ரெண்டு ஓரமும் மேல ஏறிக்கிட்டு இருந்துச்சு, சுழியில தோல் தெரிய ஆரம்பிச்சிருச்சு. அவங்கப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் 35க்குள்ளயே மேல் தலை காலி, பின்னாடி மட்டும் அடர்த்தியா இருக்கும். அதாவது பரம்பரையா வர்ற வழுக்கைதான், டாக்டருங்க ஆண்ட்ரோஜெனெடிக் அலோபீசியான்னு சொல்றது. உடம்புல டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் டிஹெச்டிங்கிற இன்னொரு ஹார்மோனா மாறுது, அந்த டிஹெச்டிக்கு முன் தலையிலயும் உச்சியிலயும் இருக்குற வேர்க்கால் மட்டும் ரொம்ப உணர்ச்சியா இருக்கு, முடி வளந்து விழற ஒவ்வொரு சுத்துலயும் வேர்க்கால் கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகி கடைசியில பூனை முடி மாதிரி ஒண்ணுதான் வரும். பிடரி முடிக்கு இந்தத் தொல்லை இல்ல, அதனாலதான் அங்கிருந்து எடுத்து முன்னாடி நடறாங்க.

இதுக்கு மேல தம்பிக்கு வேற ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, தலைக்குள்ள அடிக்கடி வர்ற சின்னச் சின்ன கொப்புளம், ஹெல்மெட், வேர்வை, அதுக்கு மேல சித்தி விடாம தேய்ச்சு விடற தேங்காண்ணெய்னு எல்லாம் சேந்தது. இன்னொண்ணு டெங்கு. அக்டோபர் கடைசியில காய்ச்சல் வந்து பிளேட்லெட் 42,000க்கு எறங்கி அஞ்சு நாள் பெட்ல இருந்தான். இந்த டெங்குதான் கடைசியில கேஸையே திருப்பிப் போட்டுச்சு, ஆனா ஆரம்பத்துல நாங்க ரெண்டு பேருமே அதை நினைச்சுக்கூட பாக்கல.

ஜனவரி பொங்கல் சமயத்துல கைய விட்டா கொத்தா வருதுன்னு அழாத குறையா போன் பண்ணான்.

யோசனை எங்கிருந்து வந்துச்சு

நெத்தி பருவுக்கு வாங்கின கிளிண்டமைசின்ங்கிற ஆன்டிபயாடிக், 1 சதவீத லோஷன், அவன்கிட்ட பாதி பாட்டில் மிச்சம் இருந்துச்சு. அதை முடி ஓரம் வரைக்கும் தடவினப்போ அங்க கொப்புளம் அடங்கிருச்சு. "அண்ணா, அந்த எடத்துல முடி கொட்டுறதும் நின்ன மாதிரி இருக்குண்ணா"ன்னான். சிரிச்சுட்டு விட்டிருக்கணும், ஆனா நான் படிச்சது கொஞ்சம் தலையில ஏறிக்கிச்சு.

ஏன்னா இந்த யோசனை முழுக்க பைத்தியக்காரத்தனம் இல்ல. பருவுக்கு காரணமான கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ்ங்கிற கிருமி முடியோட வேர்க்கால் வாய்லயேதான் குடியிருக்கு. வழுக்கை விழற எடத்துல வேர்க்காலோட மேல் பாகத்தைச் சுத்தி லேசான அழற்சி தெரியுதுன்னும், அதுக்கு கிருமிகளும் ஒரு காரணமா இருக்கலாம்னும் 2000 வாக்குலயே எழுதியிருக்காங்க. பூஞ்சைக்கு குடுக்குற கீட்டோகோனசோல் ஷாம்புவை 1998ல பெல்ஜியத்துல வழுக்கைக்கு போட்டுப் பாத்து ஓரளவு பலன் இருக்குன்னாங்க, சின்ன ஆய்வுதான். ஜப்பான்ல ராக்ஸித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக், அது வேர்க்கால் வளர்ச்சிய நிறுத்தி ஓய்வுக்குப் போறதை தள்ளிப்போடுதுன்னு எலியிலயும் லேப்ல வளத்த மனுஷ முடி வேர்லயும் பாத்து 2009ல வெளியிட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது, அவங்க சொன்னது கிருமி சாகறதால வர்ற பலன் இல்ல, மருந்து நேரா வேர்க்கால் செல் மேல செய்யற வேலை. ஒரு ஆன்டிபயாடிக் அப்படி செஞ்சா இன்னொண்ணும் செய்யணும்னு எந்த சட்டமும் இல்ல. இந்த வித்தியாசத்தை நான் அப்ப சரியா வாங்கிக்கல.

போதாததுக்கு மினாக்ஸிடில் கதை வேற மனசுல ஓடுச்சு. 1979ல பிரஷர் மாத்திரையா வந்த மருந்து, சாப்பிட்டவங்களுக்கு கண்ட எடத்துல முடி முளைச்சதைப் பாத்துதானே 1988ல அமெரிக்காவுல தலைக்கு தடவறதா அனுமதி வாங்கினாங்க, அப்படி இதுவும் ஏன் இருக்கக்கூடாதுன்னு ஒரு நப்பாசை.

என்ன முடிவு எடுத்தோம், எப்படி செஞ்சோம்

டாக்டர்கிட்ட போகாம, சீட்டு இல்லாம, என் கடை ரேக்குல இருந்து நானே எடுத்துக் குடுத்தேன். இதுதான் என் முதல் தப்பு. தம்பி தானேங்கிற எண்ணம்.

ஒரே ஒரு நல்ல காரியம் பண்ணோம். முழுத் தலைக்கும் தடவ வேணாம், வகிட்டுக்கு இடது பக்கம் மட்டும் தடவுவோம், வலது பக்கத்தை அப்படியே விட்டுருவோம்னு நான் பிடிவாதமா சொன்னேன். அவன் ஒத்துக்கவே இல்ல, ஒரு பக்கம் முளைச்சு ஒரு பக்கம் முளைக்கலேன்னா ஆபீஸ்ல கேலி பண்ணுவாங்கண்ணான்னான். அப்புறம் எப்படியோ சரின்னான்.

தெனம் ராத்திரி 1 மி.லி., சிரிஞ்சுல அளந்து, இடது பக்கம் மட்டும். பிப்ரவரி 9ல ஆரம்பம்.

அளக்கறதுக்கு ரெண்டு வழி வச்சோம். ஒண்ணு, ஞாயித்துக்கிழமை தலைக்கு குளிக்கும்போது பாத்ரூம் ஓட்டையில வெள்ளை வேட்டித் துணி ஒரு துண்டு கட்டி, விழுந்த முடியெல்லாம் காயவச்சு எண்றது. ரெண்டாவது, ஒரு சதுர சென்டிமீட்டர்ல எத்தனை முடி இருக்குன்னு எண்றது. பெரிய ஆய்வுகள்ல தலையில சின்னதா ஒரு புள்ளி பச்சை குத்தி ஒவ்வொரு தடவையும் அதே எடத்தை எடுப்பாங்க, நமக்கு அது எங்க. தம்பிக்கு சின்ன வயசுல தூளியில இருந்து விழுந்த தழும்பு இடது பக்கம் இருக்கு, அதுல இருந்து பின்னாடி 2 செ.மீ. வலது பக்கத்துக்கு தழும்பு கிடையாது, மூக்கு நுனியில இருந்தும் காது மேல் நுனியில இருந்தும் கம்பெனி இன்ச் டேப்ல அளந்து அதே எடத்தைப் பிடிச்சோம். பழைய எக்ஸ்ரே பிலிம்ல 1 செ.மீ.க்கு 1 செ.மீ. ஜன்னல் வெட்டி, அந்த எடத்துல ட்ரிம்மர்ல ஒட்ட வெட்டி, ஜன்னலை வச்சு போன்ல கிளிப் லென்ஸ் மாட்டி போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு ஒவ்வொரு முடி மேலயும் ஸ்கெட்ச் பேனால புள்ளி வச்சு எண்ணினோம். ஒரு மணி நேரம் கண்ணு பூத்துப் போச்சு.

ஒரே போட்டோவை நான் எண்ணினா 127, அவன் சம்சாரம் எண்ணினா 136. ஆளுக்கு ஆள் 9 முடி தப்புதுன்னா, கடைசியில 5 கூடிருச்சு 6 கூடிருச்சுன்னு யாராவது சொன்னா அதுக்கு அர்த்தமே இல்லைன்னு அன்னைக்கே நோட்டுல எழுதி வச்சேன். மூணு பேர் எண்ணி சராசரி எடுத்தோம். ஆரம்பக் கணக்கு: இடது 131, வலது 135.

முதல் எட்டு வாரம்

மூணாவது வாரத்துலயே இடது பக்கம் கொப்புளம் சுத்தமா அடங்கிருச்சு, அரிப்பும் இல்ல. இது எதிர்பாத்ததுதான், பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தை உருவாக்கறதை நிறுத்தற மருந்து அது, அதுக்கான வேலைய செஞ்சுது.

துணியில விழற முடி: முதல் ஞாயிறு 214. நாலாவது வாரம் 160. எட்டாவது வாரம் 92.

தம்பி குதிச்சான். இதுல ஒரு ஓட்டை இருக்குறத அப்ப நாங்க ரெண்டு பேருமே பாக்கல, துணியில விழறது முழுத் தலையோட முடி, இடது எது வலது எதுன்னு அது சொல்லாது. பாதித் தலையில மருந்து போட்டுட்டு முழுத் தலைக்கு கணக்கு எடுத்தா என்ன தெரியும்?

எட்டாவது வாரம் இன்னொரு கூத்து. ட்ரிம்மர் சார்ஜ் நின்னு போச்சு, இடது பக்கம் மட்டும் போட்டோ எடுத்தோம், வலது பக்கத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டோம், விட்டது விட்டதுதான். இடது 141. பத்து முடி கூடியிருக்கு, தப்புக் கணக்கைத் தாண்டிருச்சுன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். அவன் ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட சொல்லிட்டான். அதுல ரெண்டு பேர் என் கடைக்கே வந்து அந்த லோஷன் பேரைச் சொல்லிக் கேட்டாங்க. ஒருத்தரை டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பிட்டேன், இன்னொருத்தருக்கு கூட்ட நேரத்துல குடுத்துட்டேன். அது இப்பவும் உறுத்துது.

பத்தாவது வாரத்துல இருந்து

முதல்ல இடது பக்கம் தோல் வறண்டு செதில் செதிலா வந்துச்சு. லோஷன்ல ஸ்பிரிட்டும் புரொப்பிலீன் கிளைகாலும் இருக்கு, பல பேருக்கு தலைத்தோல்ல ஒத்துக்காது. பொடுகுன்னு நினைச்சு சித்தி இன்னும் கொஞ்சம் எண்ணெய் வச்சாங்க.

பன்னெண்டாவது வாரம், மே மாசம், கத்திரி வெயில் ஆரம்பிச்ச நேரம், பிடரியிலயும் இடது காதுக்கு மேலயும் புதுசா கொப்புளம். முன்ன வந்த மாதிரி இல்ல, ஒவ்வொண்ணுலயும் மஞ்சளா சீழ், நடுவுல ஒரு முடி நட்ட மாதிரி நிக்குது, தொட்டாலே வலி. தம்பி என்ன பண்ணான்னா, மருந்து பத்தலைன்னு தினம் ரெண்டு வேளை தடவ ஆரம்பிச்சுட்டான், அதுவும் பிடரிக்கும் சேத்து. என்கிட்ட சொல்லல. பதினாலாவது வாரம் போட்டோ எடுக்க வந்தப்பதான் பாத்தேன், தலகாணி உறையில ரத்தக் கறை. அன்னைக்கே லோஷனை நிறுத்தச் சொல்லி தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

டாக்டர் பாத்தது

அந்தம்மா திட்டல, அதுவே கஷ்டமா இருந்துச்சு. நோட்டை வாங்கி முழுக்கப் படிச்சாங்க. அப்புறம் டெர்மோஸ்கோப், அதாவது தோலைப் பெருசாக்கிக் காட்டுற கருவி, வச்சு ஸ்கிரீன்ல காட்டினாங்க: முன் தலையில ஒரு தடி முடி பக்கத்துல ரெண்டு மெலிசு முடி, பல வேர்க்கால்ல ரெண்டு மூணு முடி வர்ற எடத்துல ஒத்தை முடி, சில வேர் சுத்தி லேசா பழுப்பு வளையம். பிடரியில எல்லாம் ஒரே தடிப்பு. பரம்பரை வழுக்கைங்கிறதுக்கு வேற சாட்சி வேணாம்னாங்க. அந்த பழுப்பு வளையம் அழற்சியோட சம்பந்தப்பட்டதுதான், உங்க யோசனை அந்தளவுக்கு சரின்னும் சொன்னாங்க.

"காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

அக்டோபர் கடைசின்னான். விரல் விட்டு எண்ணிக் காட்டினாங்க. பெரிய காய்ச்சல் வந்தா வளர்ற முடியில ஒரு பங்கு ஒரேயடியா ஓய்வுக்குப் போயிரும், அது ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் விழும், அதாவது ஜனவரி. அப்புறம் சில மாசத்துல தானா நிக்கும், விழுந்த எடத்துல புது முடி வரும். இதுக்கு டெலோஜென் எஃப்லூவியம்னு பேர். நீங்க லோஷன் ஆரம்பிச்சது அது உச்சத்துல இருந்து எறங்கப் போற நேரம், பச்சைத் தண்ணி தடவியிருந்தாலும் துணியில முடி கொறைஞ்சுதான் இருக்கும்னாங்க.

எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேக்கும்னு பாக்க சீழை எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினாங்க. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற கிருமி, எரித்ரோமைசின்ங்கிற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கும் கிளிண்டமைசினுக்கும் கேக்காதது, டி-டெஸ்ட் பாசிட்டிவ். தட்டுல ரெண்டு மருந்து வில்லையையும் பக்கத்துல பக்கத்துல வைப்பாங்க, கிளிண்டமைசினைச் சுத்தி கிருமி இல்லாத வட்டம் வரணும், எரித்ரோமைசின் இருக்குற பக்கம் மட்டும் அந்த வட்டம் தட்டையாகி ஆங்கில D எழுத்து மாதிரி நின்னா, இந்தக் கிருமி கிளிண்டமைசினை எதிர்க்கக் கத்துக்கிச்சுன்னு அர்த்தம். அது எங்க லோஷனால வந்ததா ஏற்கனவே தோல்ல இருந்ததான்னு நிரூபிக்க முடியாது. ஆனா மூணு மாசம் தெனம் அந்த மருந்தைத் தடவி மத்த கிருமியெல்லாம் அழிச்சு, கேக்காததுக்கு மட்டும் எடம் விட்டது நாங்கதான்.

இதனாலதான் பருவுக்கே கிளிண்டமைசினைத் தனியா எழுதக்கூடாது, பென்சாயில் பெராக்ஸைடு சேத்துதான் குடுக்கணும்னு சொல்றது, அதை எதிர்க்க கிருமிக்குத் தெரியாது. ஆனா பெராக்ஸைடு முடியையும் தலகாணி உறையையும் வெளுத்துரும், தலைக்கு சரிப்படாது. இது எனக்கு கடைசி வருஷ பாடத்துலயே வந்தது, பரிச்சையில எழுதியும் இருக்கேன்.

பதினாறாவது வாரக் கணக்கு

லோஷன் ரெண்டு வாரம் முன்னாடியே நின்னாச்சு, இருந்தாலும் கணக்கை முடிச்சுருவோம்னு குறிச்ச தேதியில ரெண்டு பக்கமும் எடுத்தோம். துணியில 58 முடிதான். சதுரத்துல இடது 148, வலது 153.

இடது 17 கூடியிருக்கு. ஒண்ணுமே தடவாத வலது 18 கூடியிருக்கு.

தம்பி ரொம்ப நேரம் ரெண்டு பிரிண்டையும் மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு இருந்தான். வலது பக்கம்னு ஒண்ணு இல்லாம போயிருந்தா, 131 148 ஆச்சு, 214 58 ஆச்சுன்னு நாங்க ஊர் பூரா சொல்லியிருப்போம், போட்டோவோட. அந்தக் கணக்கு பொய்யும் இல்ல. திரும்பி வந்தது டெங்குல விழுந்த முடி, அவ்வளவுதான். அஞ்சு வருஷமா ஏறின நெத்தி ஓரம் ஒரு மி.மீ. கூட எறங்கல.

ஒரு சோதனைக்காக முன் தலை போட்டோவுல சிலதை கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டு, எந்தப் பக்கம் நல்லாருக்குன்னு வீட்டுல மூணு பேரைக் கேட்டோம். ரெண்டு பேர் தடவாத பக்கத்தைக் காட்டினாங்க, ஒருத்தர் தடவின பக்கத்தை. சித்தி ரெண்டுமே எண்ணெய் இல்லாம காஞ்சு கிடக்குன்னாங்க.

அதுக்கப்புறம்

கல்ச்சர்ல டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக்குக்கு கேக்கும்னு வந்ததால டாக்டர் அதைக் குறிப்பிட்ட நாளுக்கு எழுதினாங்க, தலைக்கு எண்ணெய் வேணாம், துண்டும் தலகாணி உறையும் தனியா, சுடுதண்ணியில துவைக்கணும்னாங்க. மூணு வாரத்துல சீழ் கொப்புளம் அடங்குச்சு. ரெண்டு எடத்துல சின்ன தழும்பு நின்னுருச்சு, அங்க முடி வராது.

புண்ணு ஆறினப்புறம்தான் வழுக்கைக்கு வைத்தியம். மினாக்ஸிடில் 5 சதவீதம், ரெண்டு வேளை 1 மி.லி., முழுத் தலையில உச்சிக்கும் முன்னாடிக்கும். ஃபினாஸ்டரைடு பத்தியும் டாக்டர் பொறுமையா சொன்னாங்க, டிஹெச்டி உருவாகறதையே கொறைக்கிற மாத்திரை, 1 மி.கி. அளவுல 1997ல இருந்து வழுக்கைக்கு இருக்கு, சில பேருக்கு தாம்பத்ய விஷயத்துல பக்கவிளைவு வரும்னு அதையும் சொன்னாங்க. தம்பி இப்போதைக்கு வேணாம்னுட்டான்.

மினாக்ஸிடில் ஆரம்பிச்சு நாலாவது வாரம் மறுபடி முடி கொட்டுச்சு. முன்கூட்டியே சொல்லியிருந்ததால பயப்படல, ஓய்வுல இருக்குற முடியைத் தள்ளிட்டு புதுசு வர்றதுக்கான கொட்டல் அது. ஆறு மாசம் கழிச்சு அதே ஜன்னல், அதே ஆளுங்க எண்ணினது: இடது 162, வலது 166. இதுக்கு ஒப்பிட தடவாத பக்கம்னு ஒண்ணு இல்ல, டெங்குவோட மிச்சம் இதுல எவ்வளவுன்னு பிரிக்கவும் முடியாது. சுழியில தோல் தெரியறது கொறைஞ்சிருக்கு, நெத்தி ஓரம் அப்படியேதான்.

மறுபடி செஞ்சா எதை மாத்துவேன்

முதல்ல டாக்டர். டெர்மோஸ்கோப் பாக்க பத்து நிமிஷம், காய்ச்சல் எப்ப வந்துச்சுன்னு கேக்க பத்து செகண்டு. நான் அதைக் கேக்கவே இல்ல, டெங்குக்கு அவனுக்கு ஓஆர்எஸ் பாக்கெட் குடுத்தனுப்பினதே நான்தான்.

காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட் இதெல்லாம் ஆகி ஆறு மாசமாவது போகாம முடிக்கு எந்த மருந்தையும் சோதிக்க மாட்டேன். வலது பக்கத்தை சும்மா விடாம, மருந்து மட்டும் இல்லாத அதே ஸ்பிரிட் கலவையை ஒரே மாதிரி பாட்டில்ல போட்டு, எது எதுன்னு தம்பிக்குத் தெரியாம குடுக்கணும், அப்பதான் செதில் வந்தது மருந்தாலயா ஸ்பிரிட்டாலயான்னும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் எடுக்க முடியலேன்னா அன்னைக்கு ஒரு பக்கமும் எடுக்கக்கூடாது, அந்த 141தான் எங்களை ரெண்டு மாசம் ஏமாத்துச்சு. புதுசா ஏதாச்சும் வந்தா, நிறுத்திட்டு போன் பண்ணுன்னு முதல் நாளே பேப்பர்ல எழுதிக் குடுக்கணும், இல்லேன்னா மனுஷன் கூட ஒரு வேளை சேத்துத்தான் தடவுவான்.

அதைவிட, ஆன்டிபயாடிக்கை இந்தச் சோதனைக்கு எடுத்திருக்கவே மாட்டேன். வழுக்கை வைத்தியம்னா வருஷக்கணக்குல விடாம செய்யணும், நிறுத்தினா பழையபடி ஆயிரும். வாரக்கணக்குல நிறுத்த வேண்டிய ஒரு மருந்தை அந்த வேலைக்கு வைக்கவே முடியாது, பலன் இருந்திருந்தாலும்.

கூட்ட நேரத்துல லோஷன் வாங்கிட்டுப் போனவரை தம்பி மூலமா பிடிச்சு விஷயத்தைச் சொன்னேன். அவர் அதுக்குள்ள ரெண்டு பாட்டில் முடிச்சிருந்தார், ரெண்டாவது வேற கடையில வாங்கினாராம், அங்கயும் யாரும் சீட்டு கேக்கல. அவருக்கு கொப்புளம் ஒண்ணும் வரல. முடி நல்லாவே நிக்குதுங்க, எதுக்குங்க நிறுத்தணும்னு கேட்டார். அவருக்கும் ஏதாச்சும் காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டேன். தீபாவளி சமயத்துல டைபாய்டுன்னார்.